வாசலில் நிற்கப் போகிறவருக்கு: புதியவரைச் சபையார் ஆக்கும் வழி

வரவேற்புக் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். சபையின் போதகரான ஐயர் அறிவிப்பில் உங்கள் பெயரை வாசித்துவிட்டார். வருகிற ஞாயிறு காலை ஆலய வாசலில் நிற்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆராதனைத் தாள்கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, முகம் மலர நில்லுங்கள் என்று சொல்லிவிடுவதுதான் நம் வழக்கம். சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சபையில் பல ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவருகிறேன். தவறி விழுந்து கற்றதையும், பெரியவர்களைப் பார்த்துக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. வேலை கிடைத்துத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்த புதிதில், ஒரு பெரிய ஆலயத்துக்கு நான்கு மாதம் தொடர்ந்து போனேன். வாசலில் தாள் கொடுத்தார்கள், புன்னகைத்தார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. நடுவில் டைபாய்டு வந்து மூன்று ஞாயிறு அறையிலேயே படுத்திருந்தேன். எழுந்து போன அன்றும் அதே தாள், அதே புன்னகை. மூன்று வாரம் ஒருவன் வரவில்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சிறிய சபைக்குப் போனேன். இரண்டாவது ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் ஓர் அம்மாள், "போன வாரம் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிதானே நீ? காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்டார்கள். இன்றுவரை அந்தச் சபையில்தான் இருக்கிறேன்.

எவர் வராத ஞாயிறு மற்றவர்களுக்குத் தெரிகிறதோ, அவரே சபையார். வாசலில் நிற்கிற பணி முழுவதும் இதற்காகத்தான்.

ஆராதனைக்கு முன்

ஆராதனை எட்டரைக்கு என்றால் எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடுவார்கள், அல்லது இடம் தேடி அலைந்து தாமதமாக வருவார்கள். சரியான நேரத்துக்கு வருகிறவர்கள் பழையவர்கள். அதனால் முதல் மணி அடிப்பதற்கு முன்பும், முதல் பாமாலை முடிந்த பிறகும் வாசலில் ஆள் இருக்க வேண்டும். பாட்டு தொடங்கியவுடன் வரவேற்புக் குழு முழுவதும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவது நாம் எல்லோரும் செய்கிற தவறு. சுற்று வைத்துக்கொண்டு, ஒருவராவது பாவ அறிக்கை ஜெபம் முடியும்வரை வெளியே நில்லுங்கள்.

சில விவரங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். கழிப்பறை எங்கே, குழந்தை அழுதால் தாய் எங்கே போய் உட்காரலாம், ஞாயிறு பள்ளி ஆராதனைக்கு முன்பா பின்பா, சக்கர நாற்காலி எந்த வாசல் வழியாக வரும், செருப்பை வெளியே விட வேண்டுமா வேண்டாமா. இந்தக் கடைசிக் கேள்வியைச் சிறியதாக எண்ணாதீர்கள். கிராமத்து ஆலயங்களில் செருப்பை வெளியே விட்டு, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து பழகியவர்கள் நகரத்து ஆலயத்தில் கால் வைக்கும்போதே தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கத்தைக் கண்டால், "குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாம், வாருங்கள்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

உட்கார வைப்பதிலும் ஒரு முறை உண்டு. முதல் வரிசைக்கு அழைத்துப் போகாதீர்கள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காற்படியிடுவது என்று பார்த்துச் செய்ய அவர்களுக்கு முன்னால் ஆட்கள் வேண்டும். கடைசி வரிசையிலும் விட்டுவிடாதீர்கள். நடுவில், பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடிய ஒரு குடும்பத்தின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தக் குடும்பத்தின் காதில் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். பாமாலை எண்ணை எடுத்துக் கொடுக்க ஒரு கை பக்கத்தில் இருந்தால் போதும். "இது எங்கள் இடம்" என்று புதியவரை எழுப்புகிற பழைய குடும்பம் எந்தச் சபையிலும் ஒன்றாவது இருக்கும். அவர்கள் வீட்டுக்கே போய் முன்கூட்டித் தன்மையாகப் பேசிவிடுங்கள். ஆலயத்துக்குள் அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பக்கமும் புண்படும்.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புதியவரைப் பார்த்ததும் நம் வாயில் வருகிற முதல் கேள்வி "சொந்த ஊர் எது?" என்பது. அடுத்தது "அங்கே எந்தப் பக்கம்?" அதற்கும் அடுத்தது "அப்பா பெயர் என்ன, யார் குடும்பம்?" கேட்கிறவர் அன்பாகவே கேட்கலாம். ஆனால் கேட்கப்படுகிறவரில் எத்தனையோ பேருக்கு அந்த மூன்று கேள்வியும் சேர்ந்து வேறொரு கேள்வியாகத்தான் விழும்: நீ என்ன சாதி? பதிலைக் கேட்டதும் எதிரிலிருப்பவர் முகம் மலர்வதையோ சுருங்குவதையோ சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இது நம் சபைகளின் பழைய புண். கல்கத்தாவின் பேராயராயிருந்த டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தனித்தனியாக உட்காருவதும், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்தில் யார் முதலில் யார் பிறகு என்று பார்ப்பதும் அன்று நடைமுறையில் இருந்தன. தஞ்சாவூர்ச் சபையில் அந்தக் கடிதத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பலகைகளும் தடுப்புகளும் போய்விட்டன. கேள்விகள் மட்டும் போகவில்லை. வாசலில் நிற்கிற நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால், ஒருவர் அன்று ஆலயத்துக்குள் நிமிர்ந்து நடந்து போவார்.

"இந்தப் பகுதிக்கு எப்போது வந்தீர்கள்?", "வீட்டிலிருந்து ஆலயத்துக்கு எப்படி வந்தீர்கள், பஸ் கிடைத்ததா?", "பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். ஊரை அவர்களாகச் சொன்னால் மகிழ்ச்சியோடு கேளுங்கள்; அதற்கு மேல் துருவ வேண்டாம். வயதான பெண்ணிடம் கணவர் வரவில்லையா என்றும், முப்பது வயதுக்காரரிடம் இன்னும் திருமணம் ஆகவில்லையா என்றும், குழந்தையில்லாத தம்பதியிடம் எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்பதைவிடப் பேசாமல் தாளைக் கொடுத்து அனுப்புவது மேல். நான் ஒருமுறை ஓர் அக்காவிடம், "அண்ணன் வண்டியை நிறுத்தப் போயிருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டேன். அடக்கம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அவர்கள் அழவில்லை, "இல்லை தம்பி" என்றார்கள். இன்று அவர்கள் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறார்கள். ஆனாலும் அந்த "இல்லை தம்பி" என் காதைவிட்டுப் போகவில்லை.

உடையைப் பார்த்து உபசரிக்கவும் கூடாது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தினவனுக்குக் கால்படியும் கொடுப்பதைக் கண்டித்து யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்வதை வரவேற்புக் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து வாசிப்பது நல்லது.

யார் யார் வருகிறார்கள்

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. வெவ்வேறு மரபுகளின் வழக்கங்கள் அந்தந்த வட்டாரத்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் வேர்விட்ட கன்னியாகுமரிப் பக்கத்துச் சபையில் வளர்ந்தவருக்கும், ஆங்கிலிக்கன் முறையில் வளர்ந்த திருநெல்வேலிக்காரருக்கும் ஆராதனை நடையும் திருவிருந்து எடுக்கும் விதமும் ஒன்றாக இராது. சிலர் முழங்காற்படியிட்டு ஒரே பாத்திரத்தில் பெற்றுப் பழகியிருப்பார்கள், சிலருக்குத் தனித்தனிச் சிறு கிண்ணம்தான் பழக்கம். ஆகவே திருவிருந்து ஞாயிறுகளில், புதியவரின் பக்கத்தில் இருப்பவர் "நம் வரிசை எழும்பும்போது என்னோடு வாருங்கள்" என்று மெல்லச் சொன்னால் போதும். ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தல் பெற்றவரா இல்லையா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. அவர்களாகக் கேட்டால், ஐயரிடம் அழைத்துப் போங்கள்.

பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவருக்கு நம் அச்சிட்ட ஜெபங்கள் அந்நியமாக இருக்கும். லுத்தரன் சபையிலிருந்து வருகிறவருக்குப் பல கீர்த்தனைகள் ஏற்கெனவே மனப்பாடம். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் பாடுகிற நாளில் அவர்கள் நம்மைவிடக் கம்பீரமாகப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வருவார்கள். நண்பரின் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்கிறார்கள் என்று வருவார்கள், மருத்துவமனையிலிருக்கும் தாய்க்காக ஜெபிக்கக் கேட்டு வருவார்கள், சும்மா அமைதியாக உட்கார்ந்திருக்கவும் வருவார்கள். அவர்களை விருந்தினராக நடத்துங்கள். கையில் துண்டுப்பிரசுரங்களைத் திணிக்காதீர்கள். அனுமதியில்லாமல் புகைப்படம் எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அவர் இங்கே வந்தது அவர் வீட்டில் தெரியாமலிருக்கலாம். காணிக்கைப் பை வரும்போது கூச்சப்படாமலிருக்க, "காணிக்கை போட வேண்டிய கட்டாயம் இல்லை" என்று முன்பே சொல்லிவையுங்கள்.

ஆசீர்வாதத்துக்குப் பிறகான பத்து நிமிடம்

அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்லச் சொல்வது பல சபைகளில் வழக்கம். நான் இதற்கு எதிர்ப்பு. கூச்சமுள்ளவர் அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்தே மறுவாரம் வரமாட்டார். "இன்று புதிதாக வந்திருப்பவர்களை அன்போடு வரவேற்கிறோம், ஆராதனை முடிந்ததும் தேநீர் இருக்கிறது, இருந்து போங்கள்" என்று ஐயர் பொதுவாகச் சொன்னால் போதுமானது. உங்கள் ஐயரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

ஆசீர்வாதம் கூறி முடிந்தவுடன் பழையவர்கள் வட்டம் வட்டமாக நின்று பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆறு நாள் காணாதவர்கள், பேசத்தான் செய்வார்கள். புதியவர் அந்த வட்டங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விடுவார். எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: முதல் பத்து நிமிடம் நாங்கள் சொந்தக்காரரோடும் நண்பரோடும் பேச மாட்டோம். கமிட்டி விவகாரமும் பேச மாட்டோம். அந்த நேரம் முழுவதும் புதியவருக்கு. அவரைத் தேநீர் மேசைக்கு அழைத்துப் போய், அவர் வயதுக்கும் வேலைக்கும் ஒத்த இருவரிடம் அறிமுகம் செய்து வையுங்கள். ஐந்து பேரிடம் அறிமுகம் செய்தால் ஒரு பெயரும் மனதில் நிற்காது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், கைபேசி எண், வீடு இருக்கும் தெரு, பிள்ளைகளின் பெயர், வந்த தேதி. அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். வீட்டுக்குப் போனதும், எங்கே உட்கார்ந்திருந்தார், என்ன பேசினார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். "தூணுக்குப் பக்கத்தில்" என்கிற அந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

வாரத்துக்குள்

செவ்வாய் அல்லது புதன்கிழமைக்குள் தொலைபேசியில் ஒருமுறை கூப்பிடுங்கள். "ஞாயிறு உங்களைப் பார்த்ததில் சந்தோஷம், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கவே கூப்பிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படும். தண்ணீர் கேன் போடுகிறவர் எண், குழந்தை மருத்துவர், கேஸ் இணைப்பு மாற்றுவது, வாடகை வீடு, பெண் பிள்ளைக்கு நல்ல விடுதி. இதில் ஒன்றை நீங்கள் முடித்துக் கொடுத்தால் பத்து வரவேற்பு அட்டைக்குச் சமம்.

வீட்டுக்குப் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். இருவராகப் போங்கள், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண்கள் போகட்டும். அரை மணி நேரம், ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம். சாப்பாட்டு நேரத்துக்குப் போய் அவர்களைத் தவிக்கவிட வேண்டாம். முதல் சந்திப்பில் சந்தாப் பேச்சு கூடவே கூடாது. கட்டட நிதி, பண்டிகை வரி, ரசீதுப் புத்தகம் எதுவும் பையில் இருக்கக் கூடாது. இதில் பொருளாளருக்கும் உங்களுக்கும் மனவருத்தம் வரலாம். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று நான்கு மாதம் வந்து, இதுதான் எங்கள் சபை என்று அவர்களே சொல்லும் நிலையில் அங்கத்தினராகும் வழியைச் சொல்லலாம். முந்தைய சபையின் ஐயரான சேகர குருவிடமிருந்து மாறுதல் கடிதம் வாங்கி வர வேண்டும். ஞானஸ்நான, திடப்படுத்தல் விவரங்கள் அதில் இருந்தால் நல்லது. பிற்காலத்தில் பிள்ளைகளின் திருமணத்துக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்கும் இந்தப் பதிவுகளைத்தான் தேடுவார்கள். ஊரில் வயதான பெற்றோர் இருப்பதால் அங்கே பெயரை எடுக்க மனமில்லை என்பவர்கள் உண்டு. அவர்களை நெருக்காதீர்கள். விதிமுறை ஒவ்வொரு பேராயத்திலும் சற்று மாறும், ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை கொடுங்கள்

ஆறு மாதம் வெறுமனே வந்து போகிறவர் ஏழாம் மாதம் வேறு சபை தேடத் தொடங்கலாம். ஆறு வாரத்தில் ஒரு வேலை கையில் கிடைத்தவர் எங்கும் போக மாட்டார். என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "நீங்கள் எங்கள் சபைக்கு வேண்டும்" என்று சொல்வதைவிட, "சனிக்கிழமை நாற்காலி போட ஆள் வேண்டும், வருகிறீர்களா?" என்று கேட்பது நன்றாகப் புரியும்.

சிறிய வேலையாக, ஒரு நாளில் முடிகிற வேலையாகத் தொடங்குங்கள். சபை விருந்தாகிய அசனம் இதற்கு மிக நல்ல இடம். முந்தின இரவு வெங்காயம் உரித்து, காய் நறுக்கி, மறுநாள் பந்தி பரிமாறியவருக்குப் பத்துப் பேருடைய பெயராவது தெரிந்துவிடும். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதற்கு நம் சபைகளில் இருக்கும் பொருள் பெரியது. மேலே சொன்ன பழைய புண்ணுக்கு மருந்து போட்டவற்றில் அதுவும் ஒன்று. அறுப்பின் பண்டிகைக்குக் காய்கனிகள் அடுக்குவது, ஏலத்தில் பொருளைத் தூக்கிக் காட்டுவது, ஆலயத்தைக் குருத்தோலை ஞாயிறுக்கு அலங்கரிப்பது என்று ஆண்டு முழுவதும் வாய்ப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. டிசம்பரில் கேரல் குழு வீடு வீடாகப் போகும்போது, புதிய குடும்பத்தின் வீடும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு நாற்பது பேர் தன் வீட்டு வாசலில் நின்று பாடினால், அந்த வீடு சபையோடு சேர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். பாடி முடித்ததும் அந்த வீட்டு இளைஞரையும் அடுத்த வீட்டுக்குக் கூடவே அழைத்துப் போங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் அவசரம் கூடாது. ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் புதியவரை உடனே ஆசிரியராக்காதீர்கள். எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், குறைந்தது ஆறு மாதம் நம்மோடு பழகியிருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு வகுப்பில் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் யாரையும் சந்தேகப்படவில்லை, யாருக்கும் விலக்கும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் நல்லவர்கள் வருத்தப்பட மாட்டார்கள். இரண்டாவது, காணிக்கை எண்ணும் மேசை. அங்கேயும் காலம் போகட்டும்.

எல்லோராலும் ஓடியாடி வேலை செய்ய முடியாது. முன்னோர் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுக்கிற பிடி அரிசிக் காணிக்கை, அடுப்படியை விட்டு நகர முடியாத பெண்களையும் சபையின் வேலையில் பங்காளிகள் ஆக்கியது. இன்று அதற்கு ஈடாக என்ன வைக்கலாம் என்று உங்கள் குழு யோசிக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் ஒரு தாத்தாவிடம் வாரந்தோறும் ஜெபக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டு வருகிறோம். "போன வாரம் சொன்ன அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததா?" என்று அவர் கேட்கிறார். எங்கள் சபையில் அவரைவிட மும்முரமாக வேலை செய்கிறவர் யாருமில்லை.

நழுவிப் போகிறவர்கள்

பழையவர்களிலும் காணாமல் போகிறவர்கள் உண்டு. பரீட்சை ஆண்டில் பிள்ளையோடு பெற்றோரும் நின்றுவிடுவார்கள். இரவுப் பணி பார்க்கிறவர்கள், வீட்டிலிருந்தே யூடியூபில் ஆராதனை பார்க்கப் பழகியவர்கள், கமிட்டித் தேர்தலில் மனம் கசந்தவர்கள் என்று பட்டியல் நீளும். தேர்தல் நேரத்தில் மட்டும் கதவைத் தட்டினால் எதற்கென்று அவர்களுக்குத் தெரியும். வரவேற்புக் குழுவில் இருக்கும்வரை எந்த அணிக்காகவும் ஓட்டுக் கேட்டுப் போகாதீர்கள்.

தெருவாரியாக ஏழெட்டுக் குடும்பத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பது சொல்லாமலே தெரியும். இரண்டாம் ஞாயிறு ஆள் இல்லையென்றால் அன்று மாலையே கூப்பிடுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் அது வருகைப் பதிவேடு. "உங்களைத் தேடினேன், உடம்பு நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். வீட்டு ஜெபக்கூட்டம் அடுத்து யார் வீட்டில் என்று முடிவு செய்யும்போது, வசதி குறைந்த வீட்டையும் புதிய வீட்டையும் முதலில் கேளுங்கள். சுண்டலும் காப்பியும் போதும் என்று குழுவாகவே முடிவு செய்துவிட்டால், ஒருவரும் கடன் வாங்கிப் பலகாரம் செய்ய வேண்டியிராது.

ஒரு வருடம் போனதும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிறு என்னோடு வாசலில் நிற்கிறீர்களா என்று கேளுங்கள். எந்தப் படியில் கால் தயங்கும் என்று அவருக்கு இன்னும் மறந்திருக்காது.